மேல் மூட்டை

இந்தக் குறுவைக்கு எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு வரவில்லை. தார்ப்பாய் வரவில்லை. வாங்கிய நெல்லை ஏற்றிப்போக லாரி வரவில்லை. விளையாட்டு வந்தது.

அது ஒரு பெட்டியில் வந்தது. பெட்டியின் மேல் பச்சை வயல், வயலின் நடுவில் மூட்டைகளால் ஆன கோபுரம், கோபுரத்தைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு விவசாயி. பெயர் ‘நெற்கோபுரம்’. அனுப்பியது நெல் ஒழுங்கு வாரியம். பெட்டியோடு நாகநாதன் என்ற அதிகாரியும் வந்தார். அவருடைய பதவிக்குக் களப் போட்டி அலுவலர் என்று பெயர். அப்படி ஒரு பதவி இருப்பது தனக்கே போன மாதம்தான் தெரியும் என்று டீ குடிக்கும்போது சொன்னார்.

அதுவரை எங்கள் நிலையத்தில் ஒரே ஒழுங்குதான் இருந்தது. முதலில் வந்த நெல் முதலில் எடைக்குப் போகும். அறுவடை இயந்திரம் வயலை விட்டு ஏறியதும் நெல்லை டிராக்டரில் கொண்டுவந்து நிலையத்துக்கு எதிரே உள்ள களத்தில் குவித்து, தார்ப்பாய் போட்டுக் காத்திருப்போம். இதில் தகராறு வருகிறது என்று வாரியம் கண்டுபிடித்திருந்தது. தகராறு வந்தது உண்மைதான். லாரி வராததால் நிலையம் நிரம்பியது, நிலையம் நிரம்பியதால் எடை நின்றது, எடை நின்றதால் தகராறு வந்தது. வாரியம் லாரியை விட்டுவிட்டுத் தகராறை எடுத்துக்கொண்டது.

தொடக்க விழாவுக்கு என் அப்பா அந்தோணிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். எடை தொடங்கும் விழா என்று நினைத்துவிட்டார். அவருடைய நெல் அம்பாரம் அப்போதே களத்தில் ஒரு வாரமாகக் கிடந்தது. பதர் தூற்றி எடுத்த, மணி மணியான நெல். ஐப்பசி பிறந்துவிட்டது. மழை பிடிக்கும் முன் அது எடைக்குப் போக வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

விழாவில் நாகநாதன் விளையாட்டை விளக்கினார். பலகை முழுவதும் கட்டங்கள். ஆளுக்கு ஒரு நிறத்தில் கட்டைவிரல் அளவு மர மூட்டைகள். ஒரு முறைக்கு ஒரு மூட்டை வைக்கலாம். காலிக் கட்டத்திலும் வைக்கலாம், அடுத்தவர் மூட்டையின் மேலும் வைக்கலாம். மேலே இருப்பது யாருடையதோ, அடியில் இருப்பது எல்லாமும் அவருடையது. கோபுரம் நான்கு அடுக்கு உயர்ந்தால் சுற்றியுள்ள கட்டங்களும் அவருக்கே. பிடித்தவர் ‘என் எல்லை’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிடித்தது செல்லாது. அதிக எல்லை பிடித்தவரின் நெல் முதலில் எடைக்குப் போகும்.

பிறகு அவர் பேசினார்.

“விவசாயிக்கு நிலம் இருக்கு, நெல்லு இருக்கு. இல்லாதது ஒண்ணுதான், எல்லை உணர்வு. அடுத்தவன் மேல ஏறணும்ங்கற எண்ணமே உங்களுக்கு வரமாட்டேங்குது. நாங்கல்லாம் அப்படியா இந்த நிலைக்கு வந்தோம்?”

கைதட்டினார்கள். அப்பாவும் தட்டிவிட்டு எழுந்தார்.

“நெல்லு எப்பங்க போடுறது?”

“ஜெயிச்சாப் போடலாம்.”

“தோத்துட்டா?”

“முதல் நாளே தோக்கறதப் பத்திப் பேசக்கூடாதுங்க.”

சாக்கு அடுக்கி வைக்கும் அறையைத்தான் போட்டி அறையாக மாற்றியிருந்தார்கள். சாக்கு இல்லாததால் அறை காலியாக இருந்தது. குளிர்சாதனம் பொருத்தினார்கள். சுமை தூக்கும் காத்தான் அண்ணனுக்குத் தூக்கச் சுமை இல்லாததால் அவரைப் பலகைக்கு அருகில் நிறுத்தினார்கள். மூட்டை என்று எது இருந்தாலும் அதை நிலையத்தின் சுமைக்காரர்தான் தூக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. ஆட்டக்காரர் கட்டத்தைக் காட்டுவார். காத்தான் அண்ணன் மர மூட்டையை இரண்டு விரலால் எடுத்து, பழக்கத்தில் ஒரு முறை தோள்வரை கொண்டுபோய், பிறகு பலகையில் இறக்குவார்.

அப்பாவின் முதல் ஆட்டத்தில் நான்கு பேர். அப்பா, களத்தில் எங்கள் நெல்லுக்குப் பக்கத்தில் நெல் குவித்திருந்த ஜன்னத் பீவி, வெளியூரிலிருந்து நெல் கொண்டுவரும் ஒரு வியாபாரி, அந்த வியாபாரியின் டிரைவர்.

எங்கள் பக்கம் அம்பாரம் குவித்ததும் அதன் மேல் சுண்ணாம்பால் குறி போடுவோம். யாராவது கை வைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுக்கும். அப்பா சிலுவை போடுவார். பீவிம்மா நெல் அளக்கும் மரக்காலின் வாயைச் சுண்ணாம்பில் தொட்டு வட்டமாகப் பதிப்பார். குறி போட்ட நெல்லை மற்றவர் தொடுவதில்லை. திடீர் மழையில் பக்கத்து நெல்லுக்குத் தார்ப்பாய் இழுத்து விடுவதானால்கூட, உடையவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் இழுப்போம்.

அப்பா தன் மூட்டைகளை எல்லாம் காலிக் கட்டங்களில் வைக்கச் சொன்னார். காற்றுப் போக இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் விட்டார். பீவிம்மாவும் அப்படியே செய்தார். வியாபாரியும் டிரைவரும் அவற்றின் மேல் ஏற்றிக்கொண்டே போனார்கள்.

“மேல வைங்க” என்றார் நாகநாதன்.

“அது பீவி நெல்லுங்க.”

“அது மரம்.”

“இருக்கட்டுங்க. அவங்க கலருல இருக்கு.”

டீ வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அன்று மதியம் வியாபாரியின் நெல் எடைக்குப் போனது. அது எந்த வயலில் விளைந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆட்டத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

தோற்றவர்களுக்கு எல்லை உணர்வுப் பயிற்சி கொடுத்தார்கள். அப்பாவும் பீவிம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கற்றார்கள். ஒருவர் மேல் ஒருவர் மூட்டை வைத்துப் பழக வேண்டும். பயிற்சி முடிந்து நடந்த ஆட்டத்தில் அப்பாவுக்கு ஒரு வழியாக மனம் வந்தது. கையை நீட்டிவிட்டு நிறுத்தினார்.

“தங்கச்சி, வச்சுக்கட்டா?”

“வைங்கண்ணே. நான் எதுவும் நெனைக்கல.”

நாகநாதன் விசில் ஊதினார். பிடிக்கும் முன் அனுமதி கேட்டது குற்றம். அனுமதி கொடுத்தது அதைவிடப் பெரிய குற்றம். கேட்டு எடுத்தால் அதற்குப் பெயர் எல்லை உணர்வு இல்லை என்று அவர் விளக்கினார். இருவரும் ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டார்கள்.

மறுநாள் மழை பிடித்தது.

மழையின் முதல் நாளில் நாகநாதன் ஈரம் பார்க்கும் கருவியைக் களத்திலிருந்து போட்டி அறைக்கு எடுத்துப் போனார். நிலையத்தில் இருந்தது ஒரே கருவி. நெல்லில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அதில் பார்த்துத்தான் வாங்குவார்கள். அதில் அவர் மர மூட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நாங்கள் வாசலில் நனைந்துகொண்டு நின்றோம்.

“மரம் ஈரம் பட்டா வீங்கிடும்” என்றார். “அப்புறம் கோபுரம் நிக்காது.”

“எங்க நெல்லும் வீங்குதுங்க” என்றார் பீவிம்மா.

“நெல்லு தண்ணியில விளைஞ்சதும்மா. அதுக்குப் பழக்கம்.”

எந்த நகைச்சுவையும் இல்லாமல் சொன்னார். பிறகு கதவைச் சாத்தினார். குளிர் வெளியே போய்விடும்.

அப்பா நீக்கப்பட்டதால் அவருக்குப் பதிலாக வீட்டில் ஒருவர் ஆடலாம் என்றார்கள். வீட்டில் நான்தான் இருந்தேன். நான் தாவரவியல் படித்தவள். வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் சொல்லாமல் வெளியே வந்தவள். அப்பாவுக்கு அது தெரியும். இருந்தாலும், ஃபிளோரா, ஒரு தடவை போய் உட்காரும்மா என்றார்.

விளையாட்டு கடினமாக இல்லை. அடுத்தவர் மூன்று அடுக்கு ஏற்றும்வரை காத்திருந்து நான்காவதை நாம் வைத்தால் போதும். மற்றவர்களின் வேலை முழுவதும் நமக்கு வந்துவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வைத்தேன். வியாபாரியின் பெரிய கோபுரத்தின் உச்சியைக் காட்டினேன். காத்தான் அண்ணன் மூட்டையைத் தோள்வரை கொண்டுபோய் இறக்கினார். பலகையில் பாதி எனக்கு வந்தது.

“என் எல்லை” என்றேன்.

“கேக்கல” என்றார் நாகநாதன்.

இன்னொரு முறை சொன்னேன். குளிர்சாதனத்தின் இரைச்சல் என்னைவிட உரக்க இருந்தது.

“பாப்பா ஏதோ ஜெபம் பண்ணுது சார்” என்றார் வியாபாரி. டிரைவர் சிரித்தார்.

“அது சொல்லிட்டுங்க, எனக்குக் கேட்டுச்சு” என்று வாசலிலிருந்து பீவிம்மா குரல் கொடுத்தார். வெளியார் குரல் என்று அதற்கும் விசில் ஊதினார்கள். பிடித்த கட்டங்கள் எல்லாம் போயின. கேட்டதா கேட்கவில்லையா என்ற ஐயம் இனி வரக்கூடாது என்று நாகநாதன் வாரியத்துக்குத் தெரிவித்தார். மறுநாளே தஞ்சாவூரிலிருந்து ஒலி அளக்கும் கருவி ஒரு ஜீப்பில் வந்தது. ஜீப்பின் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் தார்ப்பாய் கொண்டுவந்திருக்கலாமே என்று அப்பா ஜீப் டிரைவரிடம் கேட்டார். அது வேறு பிரிவு என்றார் டிரைவர்.

அப்பா அம்பாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினால் ஆவி வந்தது. விதைக்குத் தண்ணீர், காற்று, வெப்பம் மூன்றும் கிடைத்துவிட்டால் அது யாருடைய முறைக்காகவும் காத்திருக்காது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். சோறு வடித்த பானை போலச் சுட்டது. வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஒட்டியிருந்த மணிகளில் வெள்ளையாக முனை தெரிந்தது. அப்பாவிடம் காட்டவில்லை. அவர் அதை முந்தைய நாளே பார்த்திருந்தார், என்னிடம் காட்டவில்லை.

அந்த வாரம் புது உத்தரவு வந்தது. பலகையில் கற்றதை நிலத்தில் கடைப்பிடிக்காவிட்டால் பயனில்லை என்று வாரியம் கருதியது. இனிக் களத்திலும் நிலையத்திலும் உள்ள எந்தக் குவியலுக்கும், எந்த அடுக்குக்கும் மேல் மூட்டை விதி பொருந்தும். மேலே மூட்டை வைத்து உரக்கச் சொன்னவருக்கே அடியில் இருப்பது சொந்தம். நாகநாதன் இதை ஒலிபெருக்கியில் படித்தார். படித்து முடித்ததும் வியாபாரியின் வண்டி களத்துக்குள் வந்தது.

ஒரு குவியல் விடவில்லை. கடைசியாக எங்களிடம் வந்தார்கள். டிரைவர் தார்ப்பாயை விலக்கினார், காத்தான் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மூட்டையைக் கொண்டுவந்தார். அது சுண்ணாம்புச் சிலுவையின் மேலேயே உட்கார்ந்தது.

“என் எல்லை” என்றார் வியாபாரி. ஒலிக் கருவியில் முள் நன்றாக எழுந்தது.

அப்பா மூட்டையைப் பார்க்கவில்லை, கலைந்த குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரி தன் புது நெல்லுக்குள் கையை விட்டார். சட்டென்று வெளியே இழுத்து, விரல்களை முகர்ந்து, அப்பாவின் தார்ப்பாயில் துடைத்தார்.

“ஏங்க, முளைச்சுப் போச்சு. முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்று அப்பாவைக் கடிந்துகொண்டார். தன் மூட்டையை எடுக்கச் சொன்னார். நெல் மறுபடி எங்களுடையதாயிற்று.

இனி மூடி வைத்துப் பயனில்லை என்று அப்பா தார்ப்பாயை உருவிக்கொண்டுபோய் பீவிம்மாவின் நெல் மேல் இன்னொரு அடுக்காகப் போட்டார். பீவிம்மாவின் நெல் மேட்டில் கிடந்ததால் பாதிதான் நனைந்திருந்தது. நனையாத பாதியையும் சேர்த்து வியாபாரி பிடித்திருந்தார். ஆனாலும் நனையக்கூடாது என்றார் அப்பா.

நிலையத்தின் பக்கவாட்டில் வாரியத்தின் அடுக்கு ஒன்று இருந்தது. இருந்த பழைய சாக்கில் போன மாதம் எடை போட்டு வாங்கிய மூட்டைகள். லாரி வராததால் வெட்டவெளியிலேயே, ஓட்டுக்கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அடிவரிசைச் சாக்குகள் கறுத்து, வேர்கள் நூல் நூலாக வெளியே தொங்கின. அதிலிருந்து வழிந்த தண்ணீர் டீ நிறத்தில் ரோட்டுக்கு வந்தது. புளித்த வாடையும் செத்த எலி வாடையும் சேர்ந்து பள்ளிக்கூடம்வரை போயின. நாகநாதன் அறைக்குள் மல்லிகை வாசனை அடித்து வைத்திருந்தார். கதவைத் திறக்கும்போதெல்லாம் மல்லிகை வந்து எலியோடு சேர்ந்துகொண்டது. அந்த வாரம் வாரியத் தலைவர் பார்வையிட வருவதாக இருந்தது. நாகநாதன் அடுக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று டீக்கடையில் சொன்னார்கள்.

எந்த அடுக்குக்கும் என்று ஒலிபெருக்கியில் படித்தது எனக்குள் நின்றுவிட்டது. எந்த அடுக்கு என்றால் வாரியத்தின் அடுக்கும்தான். அதன் மேல் எங்கள் மூட்டை ஏறினால் நாகநாதன் இரண்டில் ஒன்று செய்தாக வேண்டும். அத்தனை நெல்லையும் எங்களுக்குக் கொடுக்க வேண்டும். முடியாது என்றால் விதியை எடுத்துவிட்டு, வியாபாரி பிடித்த குவியல்களை உடையவர்களிடமே கொடுத்து, முதலில் வந்த நெல்லை முதலில் எடை போட வேண்டும். எங்கள் நெல் போய்விட்டது. பீவிம்மாவுடையதும் இன்னும் பலருடையதும் பாதியாவது மிச்சம் இருந்தது.

தலைவர் வந்த அன்று மழை விட்டு வெயில் நாலாவது நாளாக அடித்துக்கொண்டிருந்தது. சாக்கு இல்லாததால் பச்சையாக முளைத்துவிட்ட எங்கள் நெல்லை ஒரு யூரியாப் பையில் அள்ளிக் கட்டினேன். காத்தான் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“எங்க வைக்கணும் பாப்பா?”

காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்த ஒரு மாதத்தில் அவர் தூக்கிய முதல் நல்ல சுமை அது என்றார். சுமை ஏற்றும் நீளப் பலகையைச் சாய்த்து ஏறி, உச்சியில் கொண்டுபோய் வைத்தார்.

களம் முழுவதும் ஆட்கள். தலைவர், தலைவரோடு வந்தவர்கள், படமெடுப்பவர், வியாபாரி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“என் எல்லை.”

என் குரல் எனக்கே கேட்டது. கருவியின் முள் கடைசிக் கோட்டில் போய் இடித்தது என்று பிறகு சொன்னார்கள். கண்ணைத் திறந்தபோது நாகநாதன் என் முன் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

“இதத்தாம்மா நான் இத்தனை நாளா எதிர்பார்த்தேன்” என்று என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். “அடுக்கு உங்களுது. விதின்னா விதி. நாளைக்குள்ள எடுத்துடுங்க. வாரியத்து இடத்துல அழுகினது கிடக்கக்கூடாது.”

தலைவர் அங்கேயே பேசினார்.

“இந்த நிலையத்துல வாரியத்தோட நெல்லு ஒரு மணிகூட வீணாகலை. கண்ணால பார்க்கறேன். வீணாப் போனது அத்தனையும் தனியாருது. சாக்கு கேட்டாங்க, லாரி கேட்டாங்க. கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? நெல்லு போயிருக்கும். இந்த எல்லை உணர்வு வந்திருக்குமா?”

கைதட்டினார்கள். இந்த முறை அப்பா தட்டவில்லை. அவர் அடுக்கின் பக்கமாக நடந்துகொண்டிருந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். தப்புச் செய்துவிட்டேன்ப்பா என்றேன்.

“நம்மளுதுன்னு ஆயிட்டுல்ல” என்றார். “நடுவுல நல்ல மூட்டை இருக்கும். பிரிச்சுக் காயப்போடுவோம். யாரு வீட்டு நெல்லோ.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த நீளப் பலகையில் ஏறினார். பீவிம்மா கீழே நின்று சாக்கை வாங்கத் தயாரானார். தலைவர் இருக்கும்போது அந்தப் பக்கம் வாடை கிளப்ப வேண்டாம் என்று யாரோ கத்தினார்கள்.

சிறந்த நிலையத்துக்கான கேடயத்தை நாகநாதன் அன்றே வாங்கிக்கொண்டார். படம் எடுக்கும்போது பின்னால் நல்ல பச்சை வேண்டும் என்றார் படமெடுப்பவர். களத்தில் பச்சையாக இருந்தது ஒன்றே ஒன்று. அதன் முன்னால் வரிசையாக நின்றார்கள். என்னையும் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தினார்கள்.

அந்தப் படம் வாரியத்தின் இதழில் அட்டையில் வந்திருக்கிறது. செழித்த நாற்றங்கால் என்று கீழே போட்டிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் தலைவரின் தோளுக்கு மேலே, பச்சைக்கு நடுவில், வெள்ளையாக ஒரு கோடு உடைந்து உடைந்து தெரியும். அது அப்பா போட்ட சுண்ணாம்பு.